டீச்சர் நோட்டுல 14 தடவ ‘ரெஸ்ட்லெஸ்’ன்னு இருக்கு, இத எப்படி எடுத்துக்கிறது?

செங்காங்_அம்மா | மே 28, ராத்திரி 11:20

எல்லாருக்கும் வணக்கம். தூக்கம் வரல, அதான் இங்க வந்து எழுதுறேன். இன்னைக்கு பையன் ஸ்கூல்ல பேரன்ட்ஸ் மீட்டிங். இங்க சிங்கப்பூர்ல பிரைமரி ஃபோர், அதாவது நாலாம் வகுப்பு படிக்கிறான். மார்க்கு பரவால்ல, கணக்கு நல்லாவே பண்றான். ஆனா ஃபார்ம் டீச்சர் (கிளாஸ் டீச்சர்) ஒரு நோட்ட தொறந்து காமிச்சாங்க, அதுல அவன் பேருக்கு கீழ தேதி போட்டு ‘ரெஸ்ட்லெஸ்’, ‘டாக்கிங் அகேன்’, ‘ரெஸ்ட்லெஸ்’, ‘நாட் செட்டிலிங்’ன்னு வரிசையா எழுதியிருக்கு, நான் அங்கயே மனசுக்குள்ள எண்ணிட்டேன், ரெஸ்ட்லெஸ்ன்னு மட்டும் 14 தடவ. ரிப்போர்ட் புக்குல காண்டக்ட், அதான் நடத்தைக்கு, ‘ஃபேர்’. போன வருஷம் ‘வெரி குட்’ வாங்குன பையன்.

டீச்சர் மேல எனக்கு கோவம் இல்ல. சின்ன வயசு, ரெண்டாவது வருஷம்தான் வேலையில இருக்காங்க போல, மரியாதையாத்தான் பேசுனாங்க. ஆனா நான் “எந்த நேரத்துல மேம் இப்படி பண்றான்”னு கேட்டேன், “ஆல் த டைம்”னு சொன்னாங்க. அதான் வயித்துல புளிய கரைக்குது. வீட்டுல அவன் ஒரு மணி நேரம் அசையாம லெகோ கட்டுவான். வருஷக் கடைசில பிரைமரி ஃபைவ்வுக்கு எந்தெந்த பாடம் ஸ்டாண்டர்ட், எது ஃபவுண்டேஷன் (கொஞ்சம் எளிமையான லெவல்)னு வேற முடிவு பண்ணுவாங்க, அதுக்கு மார்க்குதான் பாப்பாங்கன்னு தெரியும், ஆனாலும் ஒரு புள்ளைய பத்தி இப்படி ஒரு பேச்சு கெளம்பிட்டா அது எங்க போய் நிக்கும்னு பயமா இருக்கு.

என் கேள்வி இதுதான். டீச்சருங்க புள்ளைங்க நடத்தைய எப்படி பாத்து எழுதுறாங்க? அதுக்குன்னு முறை இருக்கா, இல்ல அன்னைக்கு தோணுறத எழுதுறாங்களா? நான் போய் விவரமா கேட்டா தப்பா எடுத்துக்குவாங்களா? வீட்டுக்காரரு “விடு, பையன்னா அப்படித்தான்”ங்கிறாரு. என்னால விட முடியல.

உட்லண்ட்ஸ்_மணி | மே 28, ராத்திரி 11:48

தங்கச்சி, உங்க நிலைமையில நான் இருந்திருக்கேன். என் மகளுக்கு பிரைமரி ஒன்னுல ஒரு டீச்சர் ‘ஸ்டப்பர்ன்’னு எழுதுனாங்க. அடுத்த வருஷம் வந்த டீச்சர் முதல் வாரத்துலயே எனக்கு ஃபோன் போட்டு “ஷி கேன் பி ஸ்டப்பர்ன் ரைட்”ங்கிறாங்க. ஒரு வாரத்துல என்னத்த பாத்திருப்பாங்க? படிச்சிட்டு வந்திருக்காங்க, அவ்ளோதான். பி த்ரீ வரைக்கும் அந்த வார்த்தை அவ கூடவே வந்துச்சு. அவ பண்ணதெல்லாம், புரியலன்னா வாயத் தொறக்க மாட்டா, பேசாம நிப்பா. அத யாரும் எழுதல. ‘கேள்வி கேட்டா பேசாம நிக்கிறா’ன்னு எழுதியிருந்தா அடுத்த டீச்சர் வேற மாதிரி நடந்திருப்பாங்க இல்லயா.

என்னைய கேட்டா எழுதவே வேணாம். எழுதுனா அது நிக்கும். பேச்சு அடுத்த நாள் மறந்துடும்.

சாக்பீஸ்22 | மே 29, காலை 6:05

நான் பிரைமரி ஸ்கூல்ல தமிழ் டீச்சர், 22 வருஷமா. ஸ்கூலுக்கு கெளம்புறதுக்கு முன்னாடி இத படிச்சேன், பதில் போடாம போக மனசு வரல.

செங்காங் அம்மா, ‘ரெஸ்ட்லெஸ்’ங்கிறது பாத்தது இல்ல, முடிவு. எங்களுக்கு டிரெய்னிங்ல முதல்ல சொல்லித் தர்றதே இதுதான், ஒரு கேமரா வச்சிருந்தா அதுல என்ன தெரியுமோ அத மட்டும் எழுதணும். ‘10:40க்கு எந்திரிச்சு பென்சில் சீவப் போனான், 10:44க்கு மறுபடியும் போனான், போற வழியில ரெண்டு பேர் மேசையில கைய வச்சான்’. இது பாத்தது. இத படிச்சா நாளைக்கு வேற ஒரு டீச்சர் தானா யோசிக்கலாம். ‘ரெஸ்ட்லெஸ்’ன்னு படிச்சா யோசிக்க ஒன்னுமே மிச்சம் இல்ல, எல்லாம் முடிஞ்சு போச்சு.

ஆனா ஏன் அப்படி எழுதுறோம்னும் சொல்லிடுறேன். கிளாஸ்ல 38 பேரு. பாடம் நடத்திக்கிட்டே எழுத முடியாது. ஸ்கூல் முடிஞ்சு, சிசிஏ (விளையாட்டு, கலை மாதிரி இணைப்பாட நடவடிக்கை) முடிஞ்சு, நாலு மணிக்கு உக்காந்து நோட்ட தொறந்தா காலைல நடந்ததுல எது ஞாபகம் இருக்கும்? எரிச்சல்தான் ஞாபகம் இருக்கும். அந்த எரிச்சலுக்கு ஒரு சொல் தேடுவோம், அதுதான் அந்த 14 தடவ. அந்த டீச்சர் தேதி போட்டு எழுதியிருக்காங்க பாருங்க, அதுவே பெரிய விஷயம், எத்தனையோ பேர் அதுகூட செய்றதில்ல.

போய் கேளுங்க. நிச்சயமா கேளுங்க. ஆனா “ஏன் இப்படி எழுதுனீங்க”ன்னு ஆரம்பிக்காதீங்க. “எந்த பாடத்துல, எந்த நேரத்துல, அதுக்கு சித்த முன்னாடி என்ன நடந்துச்சுன்னு ரெண்டு வாரம் மட்டும் குறிச்சுத் தர முடியுமா”ன்னு கேளுங்க.

மணி அண்ணே, உங்க மகளுக்கு நடந்தது வருத்தமா இருக்கு. ஆனா எழுதவே வேணாம்ங்கிறத நான் ஒத்துக்க மாட்டேன். எழுதலன்னா ஸ்டாஃப் ரூம்ல வாயால போகும், அது இன்னும் மோசம். எழுதுனது கண்ணுக்குத் தெரியும், நீங்க எதுத்துக் கேக்கலாம். பேச்ச எங்க போய் புடிப்பீங்க?

ஈசூன்_பிரியா | மே 29, மதியம் 1:15

நான் ஸ்கூல்ல ஸ்பெஷல் நீட்ஸ் புள்ளைங்களோட வேலை பாக்குறேன், முன்னாடி எங்கள ஏஇடி, அதாவது அலைட் எஜுகேட்டர்னு சொல்லுவாங்க. மத்தவங்க கிளாஸ்ல பின்னாடி உக்காந்து பாத்து எழுதுறதுதான் என் வேலையில பாதி. சாக்பீஸ் டீச்சர் சொன்னது அத்தனையும் சரி, முறையப் பத்தி கேட்டாங்கல்ல, அத கொஞ்சம் விவரமா சொல்றேன், நீளமா போகும்.

நாங்க அதிகமா போடுறது ஏபிசி சார்ட். பேப்பர்ல மூணு கட்டம். ஏ-ன்னா சரியா அதுக்கு முன்னாடி என்ன நடந்துச்சு, பி-ன்னா புள்ள என்ன செஞ்சுச்சு, சி-ன்னா உடனே அதுக்கு அப்புறம் என்ன நடந்துச்சு. 1968ல பிஜூ, பீட்டர்சன், ஆல்ட்னு மூணு ஆராய்ச்சியாளருங்க எழுதுன கட்டுரையிலேர்ந்து பரவுன முறை, இன்னைக்கு வரைக்கும் இத விட எளிமையா வேற இல்ல. நடு கட்டத்த மட்டும் எழுதுனா புள்ள மேல பழி விழும். முதல் கட்டத்தையும் மூணாவது கட்டத்தையும் சேத்து எழுதும்போதுதான் அந்த புள்ள அந்த இடத்துல ஏன் அப்படி பண்ணுதுன்னு தெரிய ஆரம்பிக்கும். உதாரணத்துக்கு, வொர்க்‌ஷீட் குடுத்தாங்க (முன்னாடி), பேப்பர கீழ தள்ளுனான் (நடத்தை), வெளியில நிக்க வச்சாங்க (பின்னாடி). இதே மாதிரி அஞ்சு தடவ வந்தா, அவன் கெட்ட பையன்ங்கிறது இல்ல விஷயம், வொர்க்‌ஷீட்டுலேர்ந்து தப்பிக்க ஒரு வழிய கண்டுபுடிச்சிருக்கான், அந்த வழிய நாமளே தொறந்து விட்டிருக்கோம். கவனம் கெடைக்கவா, வேலையிலேர்ந்து தப்பிக்கவா, ஒரு பொருள் வேணும்னா, இல்ல உடம்புக்கே அது தேவப்படுதா, பெரும்பாலும் இந்த நாலுல ஒன்னாத்தான் இருக்கும்.

அடுத்தது எண்ணிக்கை. எந்திரிக்கிறது, கூப்பிடாம பதில் சொல்றது மாதிரி தொடக்கமும் முடிவும் தெளிவா இருக்கிறத எண்ணலாம். அழுகை, வேலை ஆரம்பிக்காம உக்காந்திருக்கிறது மாதிரி விஷயத்த எண்ணி பிரயோஜனம் இல்ல, எவ்ளோ நேரம்னு பாக்கணும். ஒரு தடவ 40 நிமிஷம் அழுத புள்ளைக்கு ‘ஒன்னு’ன்னு போட்டா என்ன அர்த்தம்?

நிறைய பேர் தப்பு பண்ற இடம் ஒன்னு சொல்றேன். 30 நிமிஷ பாடத்த ஒரு நிமிஷ கட்டமா பிரிச்சுக்கிட்டு, அந்த நிமிஷத்துல கொஞ்சமா பேசுனாலும் டிக் போடுற முறை இருக்கு. ஒரு பையன் 20 கட்டத்துல கட்டத்துக்கு அஞ்சு அஞ்சு செகண்ட் பேசுனான்னு வைங்க, மொத்தம் 100 செகண்ட். 1800 செகண்ட்ல 100. ஆறு சதவீதம் கூட இல்ல. ஆனா ஷீட்டுல 30ல 20 டிக், 67 சதவீதம்! மீட்டிங்ல இத பாக்குற அம்மா என்ன நெனப்பாங்க? அதனால நான் இத போடுறதில்ல. ரெண்டு நிமிஷத்துக்கு ஒரு தடவ டைமர் அதிரும்படி வச்சுக்கிட்டு, அந்த நொடியில நிமுந்து பாத்து அவன் வேலையில இருக்கானா இல்லயான்னு மட்டும் குறிப்பேன். 30 நிமிஷத்துக்கு 15 தடவ. கூடவே அதே கிளாஸ்ல வேற ஒரு சாதாரண பையனையும் அதே நொடியில பாத்துக் குறிப்பேன். இது ரொம்ப முக்கியம்ங்க. நம்ம பையன் 15ல 9, மத்த பையன் 15ல 10ன்னு வந்தா பிரச்சினை பையன்கிட்ட இல்ல, பாடம்தான் சலிப்பா போய்க்கிட்டு இருக்கு.

ஒரு பானை சோத்துக்கு ஒரு சோறு பதம்னு சொல்லுவோம், புள்ளைங்க விஷயத்துல அது செல்லாது. ஒரு நாள் பாத்துட்டு எழுதக் கூடாது. குறைஞ்சது மூணுலேர்ந்து அஞ்சு நாள், வேற வேற பாடத்துல. முடிஞ்சா ரெண்டு பேர் தனித்தனியா எண்ணி ஒப்பிட்டுப் பாக்கணும். ஒருத்தர் 8, இன்னொருத்தர் 10ன்னா 80 சதவீதம் ஒத்துப் போகுது, பொதுவா அதுக்குக் கீழ வந்தா அந்த ரெக்கார்ட நம்ப மாட்டோம். நீங்க ‘பேசுறான்’ன்னா என்ன, நான் ‘பேசுறான்’ன்னா என்னன்னு மொதல்ல உக்காந்து பேசி முடிவு பண்ணணும்னு அர்த்தம்.

ராஜி_பிபி | மே 29, மாலை 7:30

நாங்க புக்கிட் பாஞ்சாங் பக்கம். பிரியா சிஸ், இதெல்லாம் ஏடிஎச்டி (கவனக்குறைவு, அதிக துறுதுறுப்பு) இருக்கிற புள்ளைங்களுக்கு மட்டும்தானா? என் பெரியவனுக்கு ஏடிஎச்டி, டாக்டர்கிட்ட போனப்ப ஸ்கூல்லேர்ந்து ஃபார்ம் கேட்டாங்க. செங்காங் அக்கா பையனுக்கும் அப்படி இருக்குமோன்னு கேக்கல, தப்பா நெனைக்காதீங்க க்கா. டீச்சர் எழுதுறது அந்த மாதிரி முடிவுக்கு எவ்ளோ தூரம் போகும்னு தெரிஞ்சுக்கத்தான்.

ஈசூன்_பிரியா | மே 29, ராத்திரி 9:02

எல்லா புள்ளைக்கும் போடலாம் ராஜி, டயக்னோசிஸ்க்கும் இதுக்கும் சம்பந்தமே வேணாம். டீச்சரோ நானோ ஏடிஎச்டின்னு சொல்லவும் கூடாது, அது டாக்டர், சைக்காலஜிஸ்ட் வேலை. அவங்க பாக்குற கணக்கே வேற, 12 வயசுக்கு முன்னாடியே ஆரம்பிச்சிருக்கணும், ஆறு மாசமாவது தொடர்ந்து இருக்கணும், ஒரே இடத்துல மட்டும் இல்லாம வீடு, ஸ்கூல்னு ரெண்டு இடத்துலயாவது தெரியணும். அந்த ரெண்டாவது இடத்துக்குத்தான் டீச்சர் ரெக்கார்டு வேணும்னு கேக்குறாங்க. டீச்சருங்களுக்கு குடுக்கிற ஃபார்ம்ல எஸ்டிக்யூன்னு ஒன்னு இருக்கு, புள்ளையோட பலம், சிரமம் ரெண்டையும் கேக்குற கேள்வித்தாள், ராபர்ட் குட்மன்னு இங்கிலாந்துல ஒரு மனநல டாக்டர் 1997ல வெளியிட்டது, 25 வரி. அதுல அஞ்சு வரி மத்தவங்களுக்கு உதவுறது, பகிர்ந்துக்கிறது மாதிரி நல்ல குணத்தப் பத்தி. எனக்கு அந்த அஞ்சு வரிதான் ரொம்ப புடிக்கும், டீச்சர கொஞ்சம் நிறுத்தி யோசிக்க வைக்கும்.

செங்காங் அம்மா பையன் லெகோ கட்டுறத வச்சு இருக்குன்னும் சொல்ல முடியாது, இல்லன்னும் சொல்ல முடியாது. புடிச்ச வேலையில மூழ்குறது ஏடிஎச்டி புள்ளைங்களும் செய்றதுதான். எடுத்தோம் கவுத்தோம்னு எந்தப் பக்கமும் போகாதீங்க. மொதல்ல ஏபிசி.

குட்டி_நட்சத்திரம் | மே 30, காலை 10:10

நான் சைல்ட்கேர் டீச்சர், கே ஒன், அதாவது கிண்டர்கார்டன் முதல் வருஷ புள்ளைங்க. எங்க பக்கம் இந்த வேலை தெனமும் நடக்கும், ஃபோட்டோவோட எழுதணும், ‘பிளாக் அடுக்கும்போது விழுந்துச்சு, சிரிச்சா, பெரிய பிளாக்க கீழ வச்சு மறுபடி ஆரம்பிச்சா’ன்னு. புள்ள என்ன செய்ய முடியும்னு எழுதப் பழகிட்டோம். பி ஒன்னுக்கு போனதும் அதே புள்ளைய பத்தி என்ன செய்ய மாட்டேங்குதுன்னு மட்டும் எழுதுறாங்கன்னு பெத்தவங்க வந்து சொல்லும்போது கஷ்டமா இருக்கும். ரெண்டையும் எழுதுனா என்ன?

பழைய_பெஞ்சு | மே 30, மாலை 4:45

ஓய்வு பெற்ற ஆசிரியர். 31 வருடம் பாடம் எடுத்தேன், பெரும்பாலும் செகண்டரி.

எதிர்பார்ப்பு என்ன செய்யும்னு 1968ல அமெரிக்காவுல ரோசந்தால், ஜேக்கப்சன்னு ரெண்டு பேர் ஒரு சோதனையை வெளியிட்டாங்க. கலிஃபோர்னியாவுல ஒரு தொடக்கப்பள்ளி. கிளாஸ்ல 20 சதவீதம் புள்ளைங்க பேரை சும்மா குலுக்கிப் போட்டு எடுத்து, “இவங்க இந்த வருஷம் நல்லா மேல வருவாங்க”ன்னு ஆசிரியர்கள்ட்ட சொன்னாங்க. வருஷக் கடைசியில பாத்தா சின்ன வகுப்புகள்ல அந்த புள்ளைங்க ஸ்கோர் மத்தவங்களை விட கூடியிருந்துச்சு. பெரிய வகுப்புகள்ல அவ்வளவா இல்லை. அந்த சோதனையை பின்னாடி நிறைய பேர் குறை சொல்லியிருக்காங்க, அந்த அளவுக்கு வித்தியாசம் வராதுன்னு. அது நியாயமான விவாதம். ஆனா ஆசிரியர் மனசுல இருக்கிறது ஆசிரியர் கண்ணை திருப்பும்ங்கிறதை நான் என் வகுப்புலயே பாத்தேன்.

எப்படின்னா, சீட்டிங் பிளானை ஒரு தாள்ல வரைஞ்சு கூட வேலை பாத்த நண்பர்கிட்ட குடுத்தேன். நான் யாரைக் கேள்வி கேக்குறேனோ அந்த கட்டத்துல ஒரு கோடு, யாரைக் கண்டிக்கிறேனோ அந்த கட்டத்துல ஒரு வட்டம், அவ்வளவுதான், மூணு பாட வேளை. சன்னலோர வரிசையில கடைசி மூணு மேசை. வட்டம் ஏழு. கோடு ஒன்னு கூட இல்லை. அந்த மூணு பையன்களும் அடக்கமில்லாதவங்கன்னு நான் அதுவரைக்கும் ரிப்போர்ட் புக்குல எழுதிக்கிட்டு இருந்தேன். மூணு பாடவேளையா ஒரு கேள்வி கூட வராத இடத்துல உக்காந்திருந்தா நான் மட்டும் என்ன செஞ்சிருப்பேன்? அந்த தாளை ரொம்ப வருஷம் மேசை டிராயர்ல வச்சிருந்தேன்.

அம்மா, உங்க மகனோட டீச்சர் இளம் வயசுன்னு சொல்றீங்க. யாராவது அவங்க வகுப்புல பின்னாடி உக்காந்து பாத்து உதவுனா அவங்களுக்கே பெரிய பலமா இருக்கும். இதை மெதுவா சொல்லிப் பாருங்க.

உட்லண்ட்ஸ்_மணி | மே 30, ராத்திரி 8:20

சார், நீங்க எழுதுனத ரெண்டு தடவ படிச்சேன். நன்றி சார்.

சாக்பீஸ் டீச்சர், ஒரு சந்தேகம். இந்த நோட்டெல்லாம் யார் யார் பாக்கலாம்? எங்க பேரன்ட்ஸ் வாட்ஸாப் குரூப்புல ஒரு அம்மா, வேற யாரோ பையன பத்தி டீச்சர் சொன்னதா போட்டு, அது ஒரு வாரம் ஓடுச்சு. அந்த பையனோட அப்பாவும் அதே குரூப்புல இருக்காரு.

சாக்பீஸ்22 | மே 31, காலை 9:40

கேக்கவே கஷ்டமா இருக்குண்ணே. அந்த பையன் சம்பந்தப்பட்டவங்கதான் பாக்கணும், ஃபார்ம் டீச்சர், இயர் ஹெட், தேவப்பட்டா கவுன்சிலர், பிரியா மாதிரி இருக்கிறவங்க. முக்கியமான சம்பவம் ஸ்கூல் சிஸ்டத்துல ஏறும். தெனசரி சில்லறை குறிப்பு டீச்சர் கையிலதான். சொந்த ஃபோன்ல புள்ளைய வீடியோ எடுக்கிறது, பேரன்ட்ஸ் குரூப்புல ஒரு வார்த்தை போடுறது, ரெண்டும் நான் செய்யவே மாட்டேன். எழுதும்போது இன்னொரு புள்ள பேர் வந்தா அத எழுத்தா மட்டும் போடுவேன், ‘கே-வோட பென்சில எடுத்தான்’னு. நாளைக்கு இந்தப் பையனோட அம்மா அத படிக்கும்போது அந்த இன்னொரு புள்ளையும் பாதுகாப்பா இருக்கணும்.

நான் எழுதும்போது எனக்கு நானே வச்சுக்கிட்ட அளவு ஒன்னு உண்டு, இத அவங்க அம்மா முன்னாடி உக்காந்து நான் வாய் விட்டு படிக்க முடியுமா? முடியாதுன்னா அழிச்சிட்டு மறுபடி எழுதுவேன்.

செங்காங்_அம்மா | ஜூலை 22, ராத்திரி 10:30

இந்த இழைய யாரும் மறந்திருக்க மாட்டீங்கன்னு நம்புறேன். ஜூன் லீவு முழுக்க இத திரும்பத் திரும்ப படிச்சேன். ஸ்கூல் தொறந்ததும் டீச்சருக்கு ஈமெயில் போட்டேன், சாக்பீஸ் டீச்சர் சொன்ன அதே மாதிரி, ரெண்டு வாரம் மட்டும், முன்னாடி என்ன பின்னாடி என்னன்னு குறிச்சுத் தர முடியுமான்னு. திட்டுவாங்கன்னு நெனச்சேன். ஒரு மணி நேரத்துல பதில் வந்துச்சு, சரி பண்றேன், எனக்கும் தெரிஞ்சுக்கணும்னு. யூத் டே லீவு முடிஞ்ச மறுநாள்லேர்ந்து பத்து ஸ்கூல் நாள் குறிச்சிருக்காங்க. அவங்களே டைமோட மூணு கட்டம் போட்டு, மேசையில கிளிப்போர்டு வச்சு அங்கயே அப்பவே எழுதியிருக்காங்க. இன்னைக்கு என்னைய கூப்பிட்டு காமிச்சாங்க.

மொத்தம் 23 குறிப்பு. அதுல 17, தமிழ் கிளாஸ் முடிஞ்சு திரும்பி வந்த முதல் பத்து நிமிஷத்துக்குள்ள.

நான் மறுபடி மறுபடி பாத்தேன். முதல் கட்டத்துல டீச்சரே எழுதியிருக்காங்க, ‘தாய்மொழி வகுப்பிலிருந்து வந்தான், மற்றவர்கள் வேலையை ஆரம்பித்துவிட்டார்கள்’ங்கிற மாதிரி இங்கிலீஷ்ல. நடு கட்டத்துல, ‘பக்கத்துல இருக்கிறவன்கிட்ட பேசுனான்’, ‘எந்திரிச்சு முன் மேசையில எட்டிப் பாத்தான்’, ‘பேக்க கலச்சான்’. மூணாவது கட்டத்துல, ‘பேசாதேன்னு சொன்னேன்’, ‘பேர போர்டுல எழுதுனேன்’.

வீட்டுக்கு வந்து அவன்கிட்ட கேட்டேன், எந்த பக்கம்னு கேப்பேம்மா, அப்படின்னான். அவ்ளோதான். தாய்மொழி பாடத்துக்கு புள்ளைங்க கிளாஸ விட்டு தனித்தனியா பிரிஞ்சு போவாங்க, அவங்க கிளாஸ்ல தமிழ் எடுக்கிறது மூணே பேரு. சீன வகுப்பு அதே மாடியில நடக்குது, மலாய் வகுப்பு ஒரு மாடி கீழ. தமிழ் வகுப்பு அடுத்த பிளாக்குல, நாலாவது மாடி. இவன் எறங்கி, நடந்து, ஏறி வந்து சேர்றதுக்குள்ள கணக்குப் பாடம் ஆரம்பிச்சு பக்கம், கேள்வி நம்பர் எல்லாம் சொல்லி முடிச்சிருப்பாங்க. மத்த ரெண்டு பேரும் பொண்ணுங்க, பக்கத்து பக்கத்து மேசை, ரெண்டும் ஒருத்தர ஒருத்தர் பாத்து சமாளிச்சுக்குதுங்க. இவன் தனியா கிளாஸோட அந்த கோடியில.

14 தடவ ரெஸ்ட்லெஸ். எந்த பக்கம்னு தெரியாம இருந்திருக்கான் புள்ள.

ஈசூன்_பிரியா | ஜூலை 22, ராத்திரி 11:05

உடம்பு சிலுத்துடுச்சு க்கா. அந்த டீச்சர மனசார பாராட்டணும், தன்னோட நோட்டே தனக்கு எதிரா பேசுற மாதிரி வந்தும் அத மறைக்காம உங்கள கூப்பிட்டு காமிச்சிருக்காங்க.

ஒன்னு மட்டும் கவனமா பாருங்க. மிச்சம் ஆறு குறிப்பு என்னன்னும் பாருங்க, அத விட்டுடாதீங்க. 17க்கு காரணம் கெடச்சதால எல்லாத்துக்கும் அதுவே காரணம் ஆயிடாது.

செங்காங்_அம்மா | ஜூலை 22, ராத்திரி 11:21

பாத்தேன் பிரியா. ரெண்டு ரீசஸ் முடிஞ்சு தண்ணி பாட்டில வச்சு வெளையாடுனது, மூணு சயன்ஸ் குரூப் வேலையில ஒரு பையனோட சண்ட, ஒன்னு அசெம்ப்ளில பேசுனது. சண்ட போட்டதுக்கு வீட்டுல நல்லா பேசிட்டேன். அதுல அவன் மேல தப்பு இருக்கு.

சாக்பீஸ்22 | ஜூலை 23, காலை 5:50

ராத்திரி இத படிச்சிட்டு எனக்கு தூக்கம் இல்ல.

செங்காங் அம்மா, நான் அந்த இன்னொரு பக்கத்துல நிக்கிறவ. தமிழ் டீச்சர். எங்க ஸ்கூல்லயும் தமிழ் ரூம் ஒரு கோடியிலதான் இருக்கு, ஆறு ஏழு கிளாஸ்லேர்ந்து ரெண்டு மூணு பேரா வருவாங்க. புள்ளைங்க தமிழ் பேசுற நேரமே அதுதான், அத ஒரு நிமிஷம் கூட விட எனக்கு மனசு வராது. பெல் அடிச்ச பிறகும் “இந்த ஒரு வரிய முடிச்சிடுவோம், வாசிச்சிடுவோம்”னு மூணு நிமிஷம், நாலு நிமிஷம் இழுப்பேன். 22 வருஷமா. அந்த நாலு நிமிஷத்துக்கான விலைய புள்ள திரும்பிப் போய் அந்த கிளாஸ்ல குடுக்குதுன்னு எனக்கு ஒரு நாளும் தோணல. நான் எழுதுற நோட்டுல அந்த புள்ளைங்க எல்லாம் நல்லாத்தான் இருக்காங்க, ‘ஆர்வமாக வாசிக்கிறான்’, ‘பங்கெடுக்கிறாள்’னு. அதே புள்ளைக்கு அடுத்த கட்டடத்துல வேற ஒரு நோட்டுல என்ன எழுதியிருக்குன்னு நான் போய் கேட்டதே இல்ல.

இன்னைக்கு என் பி ஃபோர் புள்ளைங்க ஒவ்வொருத்தரோட ஃபார்ம் டீச்சரையும் பாத்து, தமிழ் முடிஞ்சு வந்து எத்தன நிமிஷத்துல புக்க தொறக்குறாங்கன்னு ஒரு வாரம் பாத்து சொல்ல முடியுமான்னு கேக்கப் போறேன்.

பழைய_பெஞ்சு | ஜூலை 23, காலை 8:15

டீச்சர், நீங்க அந்த நேரத்தை புள்ளைங்களுக்குத்தான் குடுத்தீங்க. இன்னைக்கு கேக்கப் போறீங்க பாருங்க, அதுக்கு பெரிய மனசு வேணும்.

ராஜி_பிபி | ஜூலை 23, காலை 10:00

என் சின்னவளும் தமிழ் கிளாஸ் போயிட்டு ஓடி வருவா, வேர்த்து விறுவிறுத்து. ஸ்கூல்ல ஓடுனதுக்கு ஒரு தடவ பேர் எழுதியிருக்காங்க. நானும் அவள திட்டுனேன்.

செங்காங்_அம்மா | ஆகஸ்ட் 19, ராத்திரி 9:15

நேஷனல் டே லீவு முடிஞ்சு ஒரு வாரம் ஆச்சு, சொல்லிடலாம்னு வந்தேன்.

டீச்சர் பண்ணது ரெண்டே மாத்தம். போர்டுல வலது பக்க மூலையில பக்க எண்ணும் கேள்வி எண்ணும் எழுதி, பாடம் முடியுற வரைக்கும் அழிக்காம விடுறாங்க. பையன கதவு பக்கம் உக்கார வச்சு பக்கத்துல அந்த ரெண்டு பொண்ணுங்களையும் போட்டிருக்காங்க. அவன்கிட்ட தனியா கூப்பிட்டு “நீ பேசுறேன்னு நெனச்சேன், நீ பக்கம் கேட்டிருக்க”ன்னு சொன்னாங்களாம். அத அவன் வீட்டுல வந்து மூணு தடவ சொன்னான்.

மறுபடி பத்து நாள் குறிச்சிருக்காங்க. மொத்தம் 7. தமிழ் முடிஞ்சு வந்ததும் 2. சயன்ஸ் குரூப் சண்ட இன்னும் இருக்கு, அதுல ரெண்டு. அதுக்கு கவுன்சிலர் ரெண்டு பசங்களையும் சேத்து பாக்குறாங்க.

மொத செமஸ்டர் ‘ஃபேர்’ அப்படியேதான் இருக்கும், அத மாத்த முடியாதுன்னு சொல்லிட்டாங்க. நான் ரொம்ப கேட்டுப் பாத்தேன். எழுதியாச்சு, போயாச்சு. ஆனா அந்த பழைய நோட்டுல ஒவ்வொரு ‘ரெஸ்ட்லெஸ்’ பக்கத்துலயும் டைம்டேபிள பாத்து எந்த பாடத்துக்கு அப்புறம்னு பென்சில்ல எழுதி வச்சிருக்காங்க. அடுத்த வருஷ டீச்சருக்கு அதோட சேத்துக் குடுக்குறேன்னாங்க.

உட்லண்ட்ஸ்_மணி | ஆகஸ்ட் 19, ராத்திரி 9:40

தங்கச்சி, அந்த மூணு கட்ட பேப்பரோட காலி ஷீட்டு ஒன்னு இங்க போட முடியுமா? மக இப்ப செகண்டரி ஒன். நாளைக்கு மறுநாள் எனக்கு அவ டீச்சரோட மீட்டிங் இருக்கு.

செங்காங்_அம்மா | ஆகஸ்ட் 19, ராத்திரி 9:52

இப்பவே போடுறேண்ணே. டீச்சர் நாலாவதா ஒரு கட்டமும் சேத்திருக்காங்க, ‘இதற்கு முந்தைய பாடம் எங்கே’ன்னு.